குமிழி வராத பாட்டில்

பஞ்சர் கடைக்காரருக்குத் தண்ணீரில் குமிழி வந்தால் ஆகாது. மீசை முளைத்த நாள் முதல் டியூபைத் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடி அடைப்பதுதான் அவருடைய பிழைப்பு. இப்போது அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழேயே பாதித் தண்ணீரோடு ஒரு பாட்டில் உட்கார்ந்திருந்தது. விலாவுக்கு நடுவே நெஞ்சுக்குள் விட்ட குழாயின் மறுமுனை அந்தத் தண்ணீரில் முழுகியிருந்தது. அவர் இருமினால் அதில் குமிழிகள் கொப்பளித்தன.

நுரையீரலில் கொப்புளம் போல் இருந்த ஒன்று உடைந்து, காற்று வெளியே கசிந்து, அந்தப் பக்கத்து நுரையீரல் சுருங்கிப் போனதால்தான் அவரை இங்கே கொண்டு வந்தார்கள். டாக்டர் அந்த இடத்தை வெட்டியெடுத்துத் தைத்துவிட்டார்.

“தையல் ஓரத்துல கொஞ்சம் காத்து கசியும், தானா நின்னுடும். நுரையீரல் நல்லா விரியணும், அதான் முக்கியம். விரியலேன்னா மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கும்” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மறுபடி திறப்பது என்ற பேச்சு மட்டும்தான் கடைக்காரர் காதில் நின்றது. அதற்குப் பிறகு அவருடைய கவனமெல்லாம் பாட்டில்மேல்தான். கசிவு நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத் தெரிந்த தொழிலை வைத்து ஒரு கணக்குப் போட்டார். ஒட்டுப் போட்ட இடத்தில் சொல்யூஷன் பசை காய வேண்டும். காயும் முன்பே காற்றடித்தால் ஒட்டு வாயைப் பிளந்துவிடும். பொறுமையில்லாமல் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் தெருமுனை தாண்டாமல் தள்ளிக்கொண்டு திரும்பியதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். ஆகவே மூச்சை இரவல் வாங்குகிறவர் போலக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். இருமல் வந்தால் பல்லைக் கடித்து விழுங்கினார்.

மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோ பெண் கொடுத்துவிட்டுப் போன கருவி ஒன்று இருந்தது. அதன் வாயில் மூச்சை இழுத்தால் உள்ளே இருக்கும் மூன்று பந்துகளும் மேலே ஏற வேண்டும். அதைச் சாய்த்துப் பிடித்தால் லேசாக உறிஞ்சினாலே பந்துகள் ஏறிவிடுகின்றன என்பதைக் கொடுத்த அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். “செஞ்சீங்களா?” என்று மனைவி கேட்கும்போதெல்லாம் சாய்த்துக் காட்டினார். அவளும் நம்பினாள்.

பாட்டில் அடங்கியது. குமிழி அறவே நின்றது. கடைக்காரர் அதைக் குனிந்து குனிந்து பார்த்து, உள்ளுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை டாக்டர் எக்ஸ்ரேயோடு வந்தபோது முகம் சரியாக இல்லை.

“கீழ்ப்பாதி சுருங்கியேதான் இருக்கு. காய்ச்சல் வேற ஆரம்பிச்சிருக்கு. நாளைக்கு எக்ஸ்ரேலயும் இப்படியே இருந்தா ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியதுதான்.”

“டாக்டர், குமிழியே வரலியே” என்றார் கடைக்காரர். கட்டிலுக்குக் கீழே கையைக் காட்டினார்.

டாக்டர் குனிந்து குழாயைப் பார்த்தார். “குமிழி மட்டுமா இல்ல? மூச்சுக்கு ஏத்தபடி உள்ள ஏறி இறங்க வேண்டிய தண்ணி மட்டமே அசையலியே. ஒரு தடவை நல்லா இருமுங்க.”

கடைக்காரர் செருமினார்.

“இது இருமலா? மாமனார் வீட்டு வாசல்ல நின்னு கனைக்கிற மாதிரி இருக்கு” என்றார் பக்கத்துக் கட்டிலில் இருந்த லாரி டிரைவர். இதய ஆபரேஷன் ஆனவர். தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வார்டே அதிர இருமுகிறவர். “டாக்டர், இவர் மூச்சே விடறதில்ல. பந்தையும் சாய்ச்சு வெச்சு ஏமாத்தறார்.”

“அடப்பாவி” என்றார் கடைக்காரர் வாய்க்குள்ளேயே.

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் மிச்சமிருந்த காற்றும் இறங்கிவிடும் போலிருந்தது. வேறு வழியில்லாமல் சொல்யூஷன் காய்வதையும், ஒட்டு பிளப்பதையும், தன் கணக்கையும் சொல்லி முடித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“நான் தைச்சது பிரியாது. ஆனா நுரையீரல் விரிஞ்சு நெஞ்சுச் சுவரைத் தொடணும். தொட்டாத்தான் அந்தச் சுவரே கசிவை அடைக்கும். நீங்க மூச்சை அடக்க அடக்க அது தள்ளியே நிக்குது. காத்து போகாத இடத்துல சளி தங்கிடும். அதான் காய்ச்சல்.”

“ஏங்க, ஒட்டுப் போட்ட டியூபைக் காத்தே அடிக்காம மடிச்சுக் கையில குடுத்து அனுப்பியிருக்கீங்களா யாருக்காவது?” என்றாள் மனைவி. குரல் கேலியாகத் தொடங்கி, பாதியில் உடைந்தது. “இன்னொரு தடவை அந்த ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியில என்னால உக்கார முடியாது.”

அவள் துண்டை நாலாக மடித்து அவர் விலாவில் அழுத்திப் பிடித்தாள். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு இருமினார். உள்ளே கத்தி திரும்பியது போல் வலித்தது. கீழே பாட்டில் களகளவென்று கொதித்தது.

“போச்சு” என்றார்.

“ஒண்ணும் போகல. இப்பதான் வேலை நடக்குது. இன்னொண்ணு” என்றார் டாக்டர்.

வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு, அன்று முழுக்க அவரை விடவில்லை. பிசியோ பெண் முதுகில் தட்டினாள். மனைவி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் அவரை நடத்தினாள். நின்ற இடத்திலெல்லாம் இருமச் சொன்னாள். மத்தியானம் கெட்டியாகச் சளி வந்தது. பந்துக் கருவியை இந்த முறை நேராகப் பிடித்தார். ஒரே ஒரு பந்து பாதி வரைக்கும் ஏறிவிட்டு விழுந்தது. டிரைவர் வாயைத் திறக்கவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த மரியாதை.

அடுத்த காலை டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “விரிஞ்சிருக்கு. அடியில ஒரு ஓரம்தான் பாக்கி. ஆபரேஷன் வேண்டாம்.”

“ஆனா இருமினா இன்னும் குமிழி வருதே, டாக்டர்?”

“வரட்டும். குழாயோட இன்னும் கொஞ்ச நாள் இருங்க. நிக்கும்.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் தம்பிக்குப் போன் போட்டாள். இரண்டாவது ஆபரேஷன் என்றால் கிளம்பி வருவதாக அவன் சொல்லியிருந்தான். “நீ லீவு போட வேண்டாம்டா” என்று அவள் தொடங்கும்போதே கடைக்காரர் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

“மாப்பிள்ளே! வேண்டாம்னு சொல்லிட்டாங்க!” காற்றடிக்கும் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. வார்டு திரும்பிப் பார்த்தது.

“மெதுவா பேசுங்க” என்று சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

“கத்தட்டும் விடுங்க சிஸ்டர், இதுவும் பயிற்சிதானே” என்றார் டிரைவர்.

பாதிப் பேச்சில் கடைக்காரருக்கு மூச்சு தீர்ந்தது. விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு, முகம் சுளிக்கச் சுளிக்க, அடிவயிறு வரைக்கும் காற்றை இழுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பேசத் தொடங்கினார்.