சிவப்பு மையில் ஒரு ‘நாம்’

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. சொந்த வீட்டிலேயே திருடியதால் காவல் நிலையம் வரை போகாது. சாப்பாட்டு மேசை வரை போகும், அதுதான் பயம். திருடியவர் ஒரு திரைக்கதாசிரியர். (அவர் நானில்லை. அவருக்குத் தொப்பை உண்டு.)

அவரிடம் கதை கேட்ட தயாரிப்பாளருக்குக் ‘கலகல’ என்று பெயர். எதைக் காட்டினாலும் “கலகலன்னு இருக்கணும்” என்பார், இழவு வீட்டுக் காட்சி உட்பட. அவருக்கு வேண்டியது: உயிர்த்தோழிகள் இருவர், ஒரே நாளில் இருவருக்கும் கல்யாணம், ஒரே மண்டபத்துக்கு அடிதடி. சனங்கள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

கதாசிரியர் உடனே தலையாட்டினார். சரக்கு வீட்டிலேயே இருந்தது. அவர் மனைவியும் அவள் தோழியும் மண்டபத்துக்காகச் சண்டை போட்டு, பேச்சு நின்று எட்டு வருடம். அதில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையே அவர்தான்.

2

தொடக்கம் வரவில்லை.

பெருநகரத்தின் வானில் இரண்டு மேகங்கள் ஒரே மலையை நோக்கி…

(அடித்தாயிற்று. மேகத்துக்கு மண்டபம் எதற்கு?)

நட்பு என்பது ஒரு கண்ணாடிப் பாத்திரம், அதில்…

(இதைக் கலகல பாராட்டினார். ஆகவே அடித்தாயிற்று.)

அச்சகத்தில் இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஊரார் கல்யாணப் பத்திரிகைகளில் பிழை தேடிக்கொண்டிருந்தார்கள்.

இது நின்றது. உண்மை என்பதால் அல்ல. அடித்து அடித்துக் கை வலித்ததால்.*

மெய்ப்புத் திருத்துகிற வேலை. மனைவிக்கு அச்சகத்தில் ‘ஒற்று’ என்று பெயர். யார் தொலைத்த க், ச், த், ப் ஆனாலும் கொண்டுவந்து சேர்த்துவிடுவாள். தோழி ‘காற்புள்ளி’, மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் ஒன்று வைப்பாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் இரண்டு கட்டம் இருக்கும்: முதல் பார்வை, இரண்டாம் பார்வை. ஒருத்தி பார்த்ததை மற்றவளும் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எதுவும் அச்சேறாது. இயந்திரச் சத்தத்தில் பேச முடியாதாகையால், அரட்டையெல்லாம் துண்டுச்சீட்டில்.

* திரைக்கதையில் அச்சகம் பூக்கடை ஆகிவிட்டது. அச்சகத்தில் வண்ணம் போதாதாம்.

3

திரைக்கதையில் தோழிகள் கேக்கை வாரி ஒருத்தி முகத்தில் ஒருத்தி அப்புகிறார்கள். இடைவேளை. கடைசியில் ஒரே மேடை, இரண்டு ஜோடி, முப்பது பேர் ஆட்டம்.

அவர் எழுதும் எதையும் மனைவிதான் முதலில் படிப்பாள். இந்த முறை ஒளித்துவைத்தார். கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. சிவப்புப் பேனாவோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். அவர் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். குட்டி போட்ட பூனை மாதிரி என்பார்கள்; பூனைக்காவது கையில் குட்டி இருக்கும்.

இருபத்தெட்டு ஒற்று சேர்த்தாள். ஓரிடத்திலும் சிரிக்கவில்லை.

“கேக்கை யாருங்க அடிச்சுக்கிட்டா?”

“சினிமாம்மா. சண்டைன்னா கண்ணுக்குத் தெரியணும்ல.”

“எங்க சண்டை ஒரே ஒரு வார்த்தை. நீங்க என்னன்னு கேட்டதே இல்லை.”

உண்மைதான். மண்டபத் தகராறு என்றார்கள், நம்பிவிட்டார். மனித மனத்தின் ஆழங்களைத் தொட்டவர் என்று ஒரு விழாவில் அவருக்குச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள்.

4

நடந்தது இவ்வளவுதான். இருவருக்கும் ஒரே நாள் குதிர்ந்துவிட்டது. ஒரே மண்டபம், காலையில் ஒருத்திக்கு, மாலையில் மற்றவளுக்கு என்று பேச்சு. ஒருநாள் மேசையில் காற்புள்ளியின் சீட்டு: மண்டபம், கிடைத்துவிட்டது, நாங்கள், எடுத்துவிட்டோம்.

நாங்கள் என்றால் அவளும் அவள் வீட்டாரும். அந்தச் சொல்லுக்குள் ஒற்றுக்கு இடமில்லை. அவளுக்கு அழவும் வரவில்லை, திட்டவும் வரவில்லை. அப்போதே ஒன்பது வருடமாகக் கை பழகியிருந்த வேலை ஒன்றுதான் வந்தது. ‘நாங்கள்’ என்பதை வட்டமிட்டு, மேலே சிவப்பில் ‘நாம்’ என்று எழுதித் திருப்பி வைத்தாள்.

அவள் எழுதியது கெஞ்சல். காற்புள்ளி படித்தது திருத்தம்.

“என் சீட்டுலயும் தப்பு கண்டுபிடிக்க வந்துட்டியாடி” என்றாள். அதுவே கடைசிப் பேச்சு. அந்த ‘நாங்கள்’ மனதாரப் போட்டதா, கை தவறியதா என்று இன்றுவரை தெரியாது.

“படம் வந்தா அவ பார்ப்பா. நான் சொல்லித்தான் நீங்க கேலி பண்ணியிருக்கீங்கன்னு நினைப்பா. மிச்சம் மீதி இருக்கறதும் போயிடும்.”

வேண்டாமென்றால் கிழித்துவிடுவதாகச் சொன்னார், கிழிக்காதவர் குரலில்.

5

முடிவுகள் மூன்று எழுதினார்.

(அ) முப்பது பேர் ஆட்டம்.

(ஆ) தியேட்டரில் தோழி பாதியில் எழுந்து போகிறாள்.

(இ) கதாசிரியர் எழுதியதைக் கிழித்துத் தியாகி ஆகிறார். (இதுதான் அவருக்குப் பிடித்தது. நகல் இருந்தது.)

மனைவி மூன்றையும் சட்டை செய்யவில்லை. கேக் காட்சியை அடித்தாள். சீட்டுக் காட்சியைத் தன் கையெழுத்தில் எழுதிச் சேர்த்தாள். கடைசித் தாளின் அடியில் இரண்டு கட்டம் போட்டு, முதல் கட்டத்தில் கையெழுத்திட்டாள். காற்புள்ளி இன்னும் அதே அச்சகத்தில்தான் இருக்கிறாள். அவள் பெயருக்கு மொத்தத்தையும் அனுப்பிவைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் அச்சகத்திலிருந்து கவர் திரும்பி வந்தது. கலகலவும் அப்போதுதான் கூப்பிட்டார்.

“கிளைமாக்ஸ் வந்துச்சா?”

“வந்திருக்கு சார். இன்னும் பிரிக்கலை.”

6

கதாசிரியரும் மனைவியும் கவரைப் பிரித்தார்கள்…

(பிரிக்காத கவரைப் பிரித்ததாக எழுதக் கை கூசியது. அடித்தேன்.)

மேசைமேல் கவர் இருக்கிறது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

(ஆமாம், தொப்பை என்னுடையதுதான்.)

இந்தப் பக்கமும் சாப்பாட்டு மேசை வழியாகத்தான் உங்களிடம் வருகிறது. மூன்று ஒற்று கூடியிருக்கிறது. மேலே உள்ள ‘நாங்கள்’ வட்டமிடப்பட்டு, சிவப்பில் ‘நாம்’ ஆகியிருக்கிறது. யாரைச் சேர்க்கிறாய் என்று கேட்டேன்.

“படிக்கிறவங்களைத்தான். அவளும் படிப்பா இல்ல?” என்றாள்.

சரி. மேசைமேல் கவர் இருக்கிறது. நாம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

முதல் பார்வை: ஒற்று

இரண்டாம் பார்வை: