மூலையில் துடித்த கரு

சுலியேட்டிக்கு முப்பத்தாறு வயது. மூன்று முறை கலைந்த பிறகு தங்கிய கரு இது. சனிக்கிழமை காலை ஹாபாய் தீவின் சின்ன ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஸ்கேன் பார்த்தது நான்தான். ஏழு வாரம். இதயம் துடித்தது. சர்ச்சில் பிரசங்கம் செய்யும் அவள் புருஷன் மாஃபி வாய்விட்டு அழுதான். புதிதாக வந்திருந்த டாக்டர் எட்டிப் பார்த்து, "கருப்பைக்குள்ளதான் இருக்கு, வீட்டுக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கருவியைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். கருப்பையின் நடுவில் ஒன்றுமே இல்லை. கருக்குழாய் வந்து சேரும் வலது மூலையில், தசைக்குள் புதைந்து கிடந்தது கரு. அதை மூடியிருந்த தசை மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. கரு வளர்ந்தால் அது கிழியும். கிழிந்தால் உடம்பின் ரத்தமெல்லாம் வயிற்றுக்குள் கொட்டிவிடும். இங்கே ஆபரேஷன் செய்ய ஆளில்லை.

சுலியேட்டியிடம் சொன்னேன்.

"வலியே இல்லையே லூசேனி. துடிக்குதுன்னு நீதானே சொன்னே?"

"துடிக்குதுக்கா. தப்பான இடத்துல துடிக்குது."

"கொஞ்சம் நகர்ந்து உள்ள வந்துராதா?"

"வராதுக்கா."

"பொய் சொல்றே!" என் கையைத் தட்டிவிட்டாள்.

"திங்கக்கிழமை வரைக்கும் ஜெபம் பண்றோம்" என்றான் மாஃபி.

"திங்கக்கிழமை இவ உயிரோட இருக்கணுமேண்ணே!" கத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாட்டில் விமானம் பறக்காது. இந்தச் சனிக்கிழமை மத்தியானம் போவதுதான் கடைசி விமானம். ஸ்கேன் படத்தோடு டாக்டரிடம் ஓடினேன். அவர் அதைத் தலைநகருக்கு அனுப்பிப் பேசினார். போனை வைக்கும்போது முகம் வெளுத்திருந்தது. "உடனே அனுப்பச் சொல்றாங்க."

அதற்குப் பிறகுதான் மாஃபி தலையாட்டினான்.

விமானத்தில் இடமில்லை. துக்கத்துக்கு எங்கள் வழக்கப்படி இடுப்பில் பாய் கட்டிய கூட்டம் சாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். ஒரு பருத்த அம்மா எழுந்து இறங்கினாள்.

"செத்தது என் அண்ணன். அவனுக்கு இனி என்ன அவசரம்? நீ ஏறும்மா."

ஒரே இடம். மாஃபி கம்பிவேலியைப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

சாயங்காலம் தலைநகரில் வயிற்றைத் திறந்தபோது, மூலை கிழியத் தொடங்கியிருந்ததாம். கருவோடு அந்த மூலையையும் குழாயையும் வெட்டி எடுத்தார்கள். அவள் பிழைத்தாள்.

ஊர் திரும்பியவள் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்கு மாதம் அப்படியே போனது. ஒருநாள் சந்தையில், கிழங்குக் கூடைகளுக்கு நடுவே வழிமறித்தாள்.

"அதுக்கு வலிச்சிருக்குமா?"

"இல்லக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

என் தோளைப் பிடித்துக்கொண்டு, சந்தையே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.