கதவுக்குப் பின்னால் ஒரு மணவாழ்த்து

"இனிமே அந்தக் கல்யாண வீடுகளுக்குப் போகாதீங்க மதினி," என்றாள் இந்திராணி.

கெலிஓயாவில் ஒரு கல்யாணத்துக்குப் பாடிவிட்டு வந்த கனகவேணி டீச்சர், கட்டிலில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்டி? நல்லாத்தானே பாடினேன்."

"பாட்டைச் சொல்லல. இன்னைக்கு எங்க உக்கார வச்சாங்க?"

"அடுப்படிக்குப் பக்கத்துல. குளிருக்கு இதமா இருந்துச்சு." டீச்சர் சிரித்தார்.

இந்திராணிக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்களுக்கு ரோசமே இல்ல."

"ரோசம் பாத்தா பிள்ளைங்களுக்கு யாரு பாடுறது? பயறை ஊறப் போட்டுட்டுப் படு. நாளைக்கு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குக் கொண்டு போகணும்."

இந்திராணி கோபத்தோடுதான் பயறை ஊறப் போட்டாள். காலையில் பயறு ஊறியிருந்தது. மதினி எழும்பவில்லை.

இந்திராணியின் அண்ணன் செத்தபோது மதினிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஹுன்னஸ்கிரிய தோட்டத்திலிருந்து தாய்வீட்டார் வந்து கூப்பிட்டார்கள். கல்யாணமாகாத நாத்தனாரைத் தனியே விட்டுப் போக மாட்டேன் என்று டீச்சர் அம்பிட்டியவிலேயே இருந்துவிட்டார். வீட்டில் சங்கீத வகுப்பு. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம். கிளினிக் நாட்களில், சிங்களம் தெரியாத தோட்டத்துப் பெண்களோடு ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்று, டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லிக் கொடுப்பார்.

டீச்சர் தானே மெட்டுப்போட்ட மணவாழ்த்து ஒன்று இருந்தது. கண்டியில் அவரிடம் படித்த எந்தப் பெண்ணும் அது இல்லாமல் மணவறைக்குப் போனதில்லை. ஆனால் தாலியறுத்தவள் முகத்தில் மணப்பெண் முழிக்கக் கூடாதே! அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். மண்டபத்துச் சாமான் அறைக்கு மைக்கைக் கொண்டுபோய், டீச்சரை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். பெண் வாசலுக்கு வந்ததும் யாராவது கதவைத் தட்டுவார்கள். டீச்சர் பாடத் தொடங்குவார். மடியில் வைத்து ஸரளி வரிசை சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் ஒருத்தியைக்கூட அவர் மணக்கோலத்தில் பார்த்ததில்லை.

சாவுக்கு ஊரே திரண்டு வந்தது. கதவைச் சாத்தியவர்களும் வந்து கதறினார்கள். "எங்க வீட்டு சரஸ்வதி போயிட்டாளே!" என்று பரமேஸ்வரி மாரில் அடித்துக்கொண்டாள். அவளுடைய மகள்கள் லோஜினி, நிலூஷா இரண்டு பேருக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுத்தது டீச்சர்தான்.

எல்லாரும் போனபின் வீடு பெரிதாகிவிட்டது. சமைக்கும்போது இந்திராணி சுருதிப் பெட்டியைப் போட்டு வைப்பாள். பாட ஆளில்லாமல் அது ஒரே குரலில் இழுத்துக்கொண்டிருக்கும். அணைத்தால் அதைவிட மோசம்.

இரண்டாம் மாதம் ஒருநாள் வாசலில் ஓர் ஆட்டோ வந்து ஹோர்ன் அடித்தது. பரமேஸ்வரி இறங்காமல் தலையை மட்டும் நீட்டினாள்.

"உள்ளுக்கு வாங்கக்கா."

"ஐயோ, கையில கல்யாணப் பத்திரிகை இருக்கு. துக்க வீட்டுப் படி ஏறக் கூடாது பாரு. தப்பா நினைக்காத. நம்ம நிலூஷாவுக்குத்தான். டீச்சர் பாட்டு இல்லாம மணவறைக்கு வர மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. லோஜினி கல்யாணத்துல நீ போன்ல பிடிச்சியே, அது இருக்கா?"

"இருக்கு." தன் பாட்டில் எங்கே பிசகியது என்று கேட்டுப் பார்ப்பதற்காக மதினிதான் அன்று பிடிக்கச் சொல்லியிருந்தார்.

"அப்போ அனுப்பிவிடு."

"நானே கொண்டு வர்றேன்."

பரமேஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். "வா, வராம எப்படி! ஆனா வருஷம் திரும்பலல்ல. பின்பக்கமா வந்து சவுண்ட்கார ரிஸ்மிகிட்ட குடுத்துரு."

பத்திரிகையை நீட்டாமலே அவள் போய்விட்டாள். துக்க வீட்டிலிருந்து வரும் குரலுக்கு மட்டும் தீட்டு இல்லை போலும்.

கல்யாணத்தன்று இந்திராணி பின்வாசலால் போனாள். சாமான் அறைக் கதவுக்குப் பக்கத்திலேயே ரிஸ்மி பெட்டிகளை அடுக்கியிருந்தான். போனை வாங்கி, காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்தான்.

"அக்கா, முன்னுக்குக் கொஞ்சம் பேச்சு ஈக்குது. வெட்டிட்டுப் போடவா?"

இந்திராணி மண்டபத்தைப் பார்த்தாள். நிலூஷா நல்ல பிள்ளை. அவளுடைய நாள். வெட்டிவிட்டால் யாருக்கும் மனம் நோகாது. பாட்டு மட்டும் சபைக்குப் போகும். மதினி இன்றைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

"வேணாம் தம்பி. முதல்லேருந்து போடுங்க."

ரிஸ்மி அவள் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருஷமும் அந்த அறைக்கு மைக் வயர் இழுத்தவன் அவன். சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

நிலூஷா வாசலுக்கு வந்தாள். ஒலிபெருக்கியில் முதலில், உட்காருவதற்குக் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு பரமேஸ்வரியின் குரல்.

"இன்னும் உள்ளுக்குத் தள்ளிப் போடுங்க டீச்சர். பிள்ளை கண்ணுல பட்டுறாதீங்க."

"சரிம்மா. லோஜினிக்கு என்ன கலர் சேலை?"

"மாம்பழக் கலர். கதவைச் சாத்துறேன்."

"சாத்துங்க. அவ வந்ததும் மறக்காமத் தட்டுங்கம்மா. இங்கேருந்து எனக்கு ஒன்னும் தெரியாது."

கதவு சாத்தப்பட்டது. ஓர் இருமல். நீண்ட மௌனம். அப்புறம் கதவைத் தட்டும் சத்தம். உடனே பாட்டு.

நிலூஷா நடு மண்டபத்தில் நின்றுவிட்டாள். பக்கத்தில் விளக்கோடு வந்த லோஜினி தலையைத் தூக்கவில்லை. பரமேஸ்வரி நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினாள். ரிஸ்மி குனிந்து ஏதோ வயரைத் தேடிக்கொண்டிருந்தான்.

"நேரம் போகுது, பொண்ணைக் கூட்டிட்டு வாங்கோ," என்றார் ஐயர்.

"அந்தக் கதவைத் திறங்கம்மா," என்றாள் நிலூஷா. சத்தமாகச் சொல்லவில்லை.

யாரோ திறந்தார்கள். உள்ளே தேங்காய்ச் சாக்கும் அடுக்கி வைத்த தட்டுகளும் தெரிந்தன. பாட்டு முடியும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அவள் மணவறைக்கு நடந்தாள்.

பந்தி நேரத்தில் பரமேஸ்வரி பின்வாசலுக்கு வந்தாள். "நல்ல நாள்ல இப்படிப் பண்ணிட்டியேடி."

"நான் என்னக்கா பண்ணினேன்? நீங்க கேட்ட பாட்டைத்தான் போட்டேன்."

அடுத்த மாதம் இன்னொரு கல்யாண வீட்டிலிருந்து போன் வந்தது. "அந்த மணவாழ்த்தை எங்களுக்கும் தருவீங்களா? முன்னால வர்ற பேச்சை மட்டும் எடுத்துருங்க. சபைக்கு நல்லா இருக்காது."

"அது பேச்சோட சேர்ந்த பாட்டுங்க," என்றாள் இந்திராணி.

அவர்கள் திரும்பக் கேட்கவில்லை. அவளுடைய போனில் அந்த மணவாழ்த்து இன்றைக்கும் ஒரு கதிரை இழுபடும் சத்தத்தோடுதான் தொடங்குகிறது.