தலைக்கு மேல் ஓர் இரைச்சல்

சீலிங் பலகையைக் கழற்றும்போது கொட்டிய தூசு சர்மிதாவின் தலைமயிரிலும் கணினியிலும் படிந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. வலது காதில் ஹெட்செற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குளிப்பாட்ட வரும் பெண் இன்றைக்குச் சற்றுப் பிந்தித்தான் வருவாள் என்று லண்டனில் இருந்த ஓர் அம்மாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய மேசைக்கு மேலே ஏணியில் நின்ற யாக்கோப்பு, ஒரு காலை அலுமாரியில் ஊன்றிக்கொண்டு, கறுப்பு வயர் ஒன்றைச் சீலிங்குக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். இதற்காக வேலையை நிறுத்த ஏலாது என்று மனேஜர் சிவகுமரன் சொல்லிவிட்டார். லண்டனில் விடிந்துவிட்டால் இங்கே தொலைபேசி ஓயாது.

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் ஊர்காவற்றுறையில், இறங்குதுறைக்குப் போகும் வீதியில், ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தட்டில் இருந்தது அந்த அலுவலகம். லண்டனில் தனித்துப்போன தமிழ்க் கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் பராமரிப்பாளர்களை அனுப்பும் கொம்பனி ஒன்றின் அழைப்புகளுக்கு இங்கிருந்துதான் பதில் போகும். தீவுப் பிள்ளைகளுக்குத் தீவிலேயே மாதச் சம்பளத்தோடு ஒரு வேலை. ஆனால் அந்த அறை இருக்கிறதே, மெல்லிய சீலிங்குக்கு மேலே கொங்கிறீற், கீழே மாபிள், சுற்றிவரக் கண்ணாடி. ஒரு மூலையில் கிசுகிசுத்தால் மறு மூலையில் சிரிப்பார்கள்.

அதனால்தான் வினை வந்தது. லண்டனிலிருந்து ஒரு புங்குடுதீவு அம்மா தன்னுடைய அலுவலாக இங்கே வேலை செய்யும் கஜானியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். கஜானிக்குப் பின்னால் இன்னொரு பெண்ணின் குரல், சோமாஸ்கந்தன் ஐயா இரவு முழுக்கப் படுக்கையை நனைத்துவிட்டார் என்று யாருக்கோ உரத்துச் சொல்வது அந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் துலாம்பரமாகக் கேட்டிருக்கிறது. வேலணைக்காரரான சோமாஸ்கந்தன் ஐயா அவருக்குச் சம்பந்தியாக வர இருந்தவர். பிறகு கேட்க வேண்டுமா? அன்று பின்னேரமே அங்குள்ள கோயிலில் அதுதான் கதை. லண்டனுக்குப் போனாலென்ன, புங்குடுதீவாருக்கும் வேலணையாருக்கும் ஒருவரையொருவர் தெரியாமலா போய்விடும்? ஐயாவின் மகன் வழக்கு வைப்பேன் என்று கொம்பனியை உலுப்பி எடுத்துவிட்டார்.

அன்று ஐயா வீட்டு அழைப்புகளை மூன்று நான்கு பேர் மாறி மாறி எடுத்திருந்ததால் யாருடைய குரல் என்று பிடிபடவில்லை. சர்மிதாவுக்கு மட்டும் தெரியும்.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த வருஷம் அவளுடைய இடது காதில் சீழ் பிடித்தது. மருந்தில்லாமல் கிடந்து, கேட்கும் சக்தி அத்தோடு போயிற்று. வலது காதும் முழுதாகக் கேட்காது. தன்னுடைய குரலே தனக்குச் சரியாக எட்டாததால் அவள் உரத்துத்தான் பேசுவாள். யாராவது கேட்டால், சோளகக் காற்றுக்குள் கத்திப் பழகின குரல் என்று சிரித்துச் சமாளித்துவிடுவாள். வேலைக்குச் சேரும்போது காதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் வாய் திறக்கவில்லை. பக்கத்துக் கரம்பொன்னில் அம்மா சிவயோகம் பாரிசவாதத்தில் கிடந்தாள். பின்னேர இடைவேளையில் சைக்கிளை உழக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி, அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி பருக்கிவிட்டு வரக்கூடிய தூரத்தில் அவளுக்கு வேறு வேலை கிடையாது. இந்த வேலை போனால் யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோதான் தேட வேண்டும். அப்போது அம்மாவை யார் புரட்டுவது?

கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர் செல்வரத்தினம் இரண்டு வழி சொல்லியிருந்தான். ஒன்று, மேசைக்கு மேசை துணி போர்த்திய தடுப்பும் தரைக்குக் கம்பளமும். மற்றது, சீலிங்குக்குள் சின்னச் சின்ன ஸ்பீக்கர்களை வைத்து அறை முழுக்க ஒரு மெல்லிய இரைச்சலைப் பரப்புவது. ஒருவர் பேசுவது அடுத்த மேசைக்குப் போகுமுன் அந்த இரைச்சலுக்குள் அமுங்கிவிடும். லண்டன்காரர் இரண்டாவதைத்தான் எடுத்தார்கள், அதுதான் மலிவு.

"ஒரே நாள்ல கூட்டினா எல்லாருக்கும் தலைவலி வரும்," என்றான் செல்வரத்தினம். "அதால ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா தானாகவே கூடும். உங்களுக்குக் கூடினதே தெரியாது."

எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். சர்மிதா மட்டும் ஹெட்செற்றின் சத்தத்தை இன்னும் எவ்வளவு கூட்டலாம் என்று பார்த்தாள்.

செல்வரத்தினம் படம் கீறிக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான். மாட்டும் வேலை யாக்கோப்புவின் தலையில் விழுந்தது. அந்தோனியார் கோயில் பெருநாளாக இருக்கட்டும், அம்மன் கோயில் திருவிழாவாக இருக்கட்டும், தீவுப் பகுதியில் ஒலிபெருக்கி கட்டுவது யாக்கோப்புதான். அவர் மேசையில் விரித்து வைத்த படத்தைச் சர்மிதா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, படத்தில உது மேலைப் பாத்தல்லோ கிடக்கு? நீங்கள் கீழைப் பாத்து மாட்டுறியள்."

"மேலை ஆர் பிள்ளை இருக்கினம், பல்லியே? ஸ்பீக்கர் எண்டால் சனத்தைப் பாக்கவேணும். இத்தினை வருஷமா நான் அப்பிடித்தான் கட்டுறன், ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு சொன்னதில்லை."

கேட்பதற்காக அல்ல, கேட்காமல் இருப்பதற்காகத்தான் இதை மாட்டுகிறோம் என்பது அவருக்கு ஏறவில்லை. ஒரு ஸ்பீக்கர் சர்மிதாவின் நெற்றிக்கு நேரே மேலே வந்து உட்கார்ந்தது.

முதல் நாள் அது பக்கத்து வீட்டுக் குசினியில் கேத்தில் கொதிக்கத் தொடங்கும் சத்தம்போல இருந்தது. இரண்டொரு நாளில் மற்றவர்கள் அதை மறந்துபோனார்கள். சுகமாக இருக்கிறது, நித்திரை வருகிறது என்று கஜானி சிரித்தாள். சர்மிதாவால் மறக்க முடியவில்லை. கேத்தில் அவளுடைய தலைக்குள்ளேயே கொதித்தது. ஒவ்வொரு நாளும் அழைப்பவர்களின் குரல் ஓர் எட்டுப் பின்னால் போனது. முதலில் சொற்களின் முடிவு போயிற்று. பிறகு பெயர்கள் போயின. ஹெட்செற்றின் சத்தத்தை அவள் முட்டக் கூட்டினாள். "என்னம்மா? திருப்பிச் சொல்லுங்கோ," என்று ஓரழைப்பில் ஐந்தாறு தரம் கேட்டாள். மற்றவர்கள் மூன்று அழைப்பு முடிக்கும் நேரத்தில் அவள் ஒன்றோடு மாரடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி அறைக்குள் இருந்து சிவகுமரன் இரண்டு தரம் நிமிர்ந்து பார்த்ததை அவள் கண்டாள்.

ஒரு நாள், மிச்ச வேலைக்கு வந்த யாக்கோப்பு மாடிப்படிக்குக் கீழே சோற்றுப் பார்சலை விரித்தபோது அவள் இறங்கிப் போனாள்.

"அண்ணை, என்ர மேசைக்கு மேலை இருக்கிறதை மட்டும் நிப்பாட்டிவிட ஏலுமோ?"

"ஏன் பிள்ளை, தலையிடிக்குதோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"எனக்கு ஒரு காது கேக்காது அண்ணை. மற்றதாலதான் இவ்வளவு நாளும் இழுத்துக்கொண்டு வந்தனான். உந்த இரைச்சலுக்குள்ள இப்ப அதுவும் ஏலாமல் கிடக்கு."

யாக்கோப்பு குழைத்த சோற்றை அப்படியே விட்டார்.

"மனேஜருக்குச் சொன்னனீரோ?"

"சொன்னால் வீட்டை போகச் சொல்லுவார்."

"நான் மாட்டுப்பட்டால் கொழும்பார் இனி என்னை ஒரு வேலைக்கும் கூப்பிடமாட்டினம். கோயில் திருவிழா எல்லா மாசமும் வாறதில்லை, அது உமக்குத் தெரியும்."

"தெரியும் அண்ணை."

அவர் பார்சலை மடித்துக் கட்டினார். பிறகு, "கொம்மா எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டார்.

"அப்பிடியேதான்."

"நீர் போம். கையைக் கழுவிப்போட்டு வாறன்."

அன்று பின்னேரம் தலைக்கு மேல் இருந்த கேத்தில் நின்றது. மற்ற மேசைகளின் இரைச்சல் தூரத்தில் கேட்டதுதான், ஆனாலும் ஹெட்செற்றுக்குள் சொற்கள் திரும்பி வந்தன. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஒவ்வோர் அழைப்பையும் பசித்தவள் சோற்றை அள்ளுவது மாதிரி அள்ளி அள்ளி முடித்தாள்.

கடைசிச் சோதனைக்குச் செல்வரத்தினம் வருவான் என்பதை யாக்கோப்பும் மறந்திருந்தார், அவளும் மறந்திருந்தாள்.

அவன் ஒரு மத்தியானம், லண்டன் எழும்புமுன், சத்தம் அளக்கும் கருவியோடு வந்தான். எல்லோரையும் அவரவர் கதிரையில் மூச்சுக் காட்டாமல் இருக்கச் சொன்னான். மேசை மேசையாக நின்று, கருவியைப் பார்த்து, தலையை ஆட்டி, நகர்ந்தான். பின்னால் சிவகுமரன். அவருக்குப் பின்னால் ஏணியோடு யாக்கோப்பு. சர்மிதா விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஜானியின் மேசை முடிந்தது. செல்வரத்தினம் சர்மிதாவின் பக்கத்தில் வந்து நின்றான், கருவியைத் தட்டினான், மேலே பார்த்தான்.

"இங்க குறையுது சேர். இது வேலை செய்யல்ல. ஏறிப் பாருங்க அண்ணன்."

யாக்கோப்பு ஏறினார். பலகையை விலத்தினார். கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

"என்ன அண்ணன்?"

"வயர் விட்டிருக்கு. எலி இழுத்திருக்கும்."

செல்வரத்தினம் தானே ஏணியில் இரண்டு படி ஏறிப் பார்த்தான். "எலி வயர் முனைக்கு டேப் சுத்தாது அண்ணன்," என்றான். அவன் சிரிக்கவில்லை. "முதல்ல இதை மாட்டுங்க."

யாக்கோப்பு டேப்பை உரித்து வயரை முறுக்கினார். இரைச்சல் திரும்பி வந்தது. இப்போது அது அறையின் முழு அளவுக்குக் கூடியிருந்தது. இடைப்பட்ட நாட்களில் அது ஏறிய ஏற்றம் எல்லாம் ஒரே தரத்தில் சர்மிதாவின் தலையில் இறங்கியது. அவள் கண்ணை மூடினாள்.

கண்ணைத் திறந்தபோது எதிரே கஜானி முகம் வெளிறிப்போய், சர்மிதாவின் இடது பக்கத்தைக் கண்ணால் காட்டிக்கொண்டிருந்தாள். சர்மிதா திரும்பினாள். சிவகுமரன் பக்கத்தில் நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது.

"என்ன சேர்?" என்று கேட்டாள். வேறொருவரும் பேசாத அந்த அறையில் அவளுடைய குரல் சுவரில் மோதித் திரும்பியது. ஹெட்செற்றைக் கழற்றிக்கொண்டிருந்த ஒருத்தி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

சிவகுமரன் அவளை நிதானமாகப் பார்த்தார். வலது பக்கத்துக்கு வந்தார்.

"மூண்டாம் தரம் கேக்கிறன். உமக்குக் காது கேக்குதோ?"

இனி மறைத்து என்ன.

"ஒரு காது கேக்காது சேர். வயரை நான்தான் கழட்டச் சொன்னனான். யாக்கோப்பு அண்ணையில பிழையில்லை."

"அண்டைக்கு, சோமாஸ்கந்தன் ஐயாவின்ர விஷயம். அது உம்மட குரலோ?"

"ஓம் சேர். நான் எவ்வளவு சத்தமாக் கதைக்கிறன் எண்டு எனக்கே தெரியாது. தெரிஞ்சு செய்யேல்லை."

செல்வரத்தினம் குறுக்கிட்டான். ஸ்பீக்கர்கள் எல்லாம் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கின்றன என்றான். மேலே கொங்கிறீற்றைப் பார்க்கத் திருப்பினால் சத்தம் பரந்து போகும், இப்படிக் குத்தாது, சர்மிதாவின் மேசைப் பக்கத்தைத் தனியாகக் குறைக்கவும் முடியும் என்றான். யாக்கோப்பு நிலத்தைப் பார்த்தார்.

"எத்தினை நாள் பிடிக்கும்?" என்று கேட்டார் சிவகுமரன்.

"எல்லாத்தையும் கழட்டணும் சேர். ஒரு கிழமை."

"இண்டைக்கு முடியுது எண்டு லண்டனுக்குச் சொல்லியாச்சு. ஐயாவின்ர மகனுக்கும் சொல்லியாச்சு."

"சேர், என்ர மேசைக்கு மேலை உள்ளதை மட்டும் நிப்பாட்டினால் போதும்," என்றாள் சர்மிதா. "நான் மெல்லமாக் கதைக்கப் பழகுறன்."

"அதை நிப்பாட்டினால் நீர் கதைக்கிறதுதானே எல்லாருக்கும் கேக்கும்? அதுக்குத்தானே இவ்வளவும் செய்தது."

சிவகுமரன் கெட்ட மனுஷனும் அல்ல. அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதிரை காட்டினார். அந்த அறைக்கு ஸ்பீக்கர் வைக்கவில்லை. காது கேளாத ஒருவரை வெளியே அனுப்பினோம் என்ற பெயர் தங்களுக்கு வேண்டாம் என்றார். இப்போதைக்குக் குசினியைப் பார்க்கட்டும், தேத்தண்ணி போடுவது, கோப்பை கழுவுவது, பின்னேர இடைவேளையும் முன்போலவே. சம்பளம் அந்த வேலைக்கு ஏற்றபடிதான் வரும். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. ஆத்திரத்தில் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். பிறகு அம்மாவின் முதுகுப் புண்ணை நினைத்துக்கொண்டு, "சரி சேர்," என்றாள்.

வெளியே வந்தபோது யாக்கோப்பு ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். "பிள்ளை," என்றார். தோளிலிருந்த ஏணியைச் சரிப்படுத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த கிழமை, தேத்தண்ணித் தட்டோடு சர்மிதா மேசைகளுக்கு நடுவே நடந்தாள். அறையில் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசினார்கள். குரலை உயர்த்தக்கூடாது என்பது புதுச் சட்டம். உயர்த்தினால் இரைச்சலைத் தாண்டிப் போய்விடுமாம். அவளுக்கு அசையும் உதடுகள் மட்டும் தெரிந்தன. கஜானியின் மேசைக்கு வந்தபோது கஜானி ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தரம் அவளையறியாமல் குரல் உயர்ந்திருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் சிவகுமரன் கையைத் தூக்கி மெல்லத் தாழ்த்திக் காட்டினார். கஜானி ஹெட்செற்றின் வாயைப் பொத்திக்கொண்டு சர்மிதாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சர்மிதா குனிந்து வலது காதைக் கொடுத்தாள்.

"அக்கா, லைனில நயினாதீவு ஐயா ஒராள். பராமரிக்க வாற பிள்ளை இண்டைக்கு வராதாம், அதைச் சொன்னால் அவருக்குக் கேக்குதேயில்லை. முந்தி ஒரு பிள்ளை நல்ல சத்தமாக் கதைக்கும், அந்தப் பிள்ளையின்ர கதை மட்டும்தான் தனக்கு விளங்கும், அதைக் கூப்பிடு எண்டு நிக்கிறார். உங்களைத்தான்."

சர்மிதா கண்ணாடி அறையைப் பார்த்தாள். சிவகுமரன் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லையெண்டு சொல்லு," என்றாள்.

கஜானி கையை எடுத்தாள். "அந்தப் பிள்ளை இஞ்ச இல்லை ஐயா," என்று மெல்லச் சொன்னாள். மறுபக்கத்தில் கிழவருக்கு அதுவும் கேட்கவில்லை. அவள் திரும்பவும் சொன்னாள், இல்லை ஐயா, அவ இப்ப இஞ்ச இல்லை. மூன்றாம் தரமும் அவள் அதையே சொல்லும்போது சர்மிதா தட்டைப் பிடித்தபடி அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றாள்.