மீட்டர் ஓடாத சித்திரை

ஆத்தூர்ப் பக்கம் இலவச மின்சாரத்தில் ஓடும் பம்புசெட்டுகளுக்கு மீட்டர் மாட்டுவது ஐரினின் வேலை. விவசாயம், நெசவு, வீடு என்று எந்தத் துறைக்கு எவ்வளவு மானியம் போகிறது, யார் கையில் போய்ச் சேருகிறது என்று கணக்கெடுக்கும் ஓர் ஆய்வு நிறுவனம் அவளை அமர்த்தியிருந்தது. பெரிய தோப்புக்காரர்கள்தான் அதிகம் அனுபவிக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் சின்ன விவசாயிகளுக்கு நல்லது நடக்கும் என்று அவள் மனதார நம்பினாள்.

பங்குனியில் மூக்காயியின் கிணற்றடிக்குப் போனாள். புருஷனை இழந்த மூக்காயி அரை ஏக்கரில் கனகாம்பரம் போட்டுத் தனியாளாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுக்குக் காசு கேப்பாகளா தாயி?"

"இல்லம்மா. சும்மா அளந்து பாக்கத்தான். நீங்க எப்பவும்போல மோட்டாரைப் போடுங்க."

"கேஸு சிலிண்டருக்கும் இப்பிடித்தான் சொன்னாக. முழுசாக் கட்டு, மானியம் பேங்குல ஏறிரும்னாக. இப்ப எங்க ஏறுது?"

ஐரின் சிரித்துச் சமாளித்துவிட்டு மீட்டரை மாட்டினாள்.

சித்திரைக் கடைசியில் அளவெடுக்க வந்தபோது செடிகள் பாதிக்குமேல் கருகிக் கிடந்தன. மீட்டரில் எண் ஏறவே இல்லை. மோட்டார் கெட்டுவிட்டதோ என்று சுவிட்சைப் போட்டாள். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது.

"அமத்து தாயி, அமத்து!" மூக்காயி ஓடி வந்தாள். தண்ணீரை அவள் பார்க்கவில்லை. மீட்டரையே பார்த்தாள். "ஓடுது பாரு!"

ஐரின் அணைத்தாள். "அப்ப இம்புட்டு நாளும் எப்படிம்மா தண்ணி விட்டீங்க?"

மூக்காயி உள்ளங்கைகளை விரித்தாள். வாளிக் கயிறு அறுத்துத் தோல் உரிந்திருந்தது. "இறைச்சுத்தான் ஊத்துனேன். ஒத்தையா எம்புட்டுத்தான் ஊத்த?"

"காசு கேக்க மாட்டாங்கன்னு சொன்னேனே."

"நீ சொன்ன தாயி. நீயா பில்லுப் போடப் போற?"

ஐரின் அங்கிருந்தே மேலதிகாரி ஞானதாஸுக்குப் போன் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பாவந்தாம்மா. கழட்ட அனுமதி கேக்குறேன். அதுவரைக்கும் பயன்பாடு குறைவுன்னு போட்டுக்க."

"பயந்துதான் மோட்டாரைப் போடலைன்னு எழுதணும் சார்."

"எழுது. ஆனா மேல யூனிட்டு மட்டுந்தான் பாப்பாங்க."

அனுமதி வர வைகாசி முடிந்துவிட்டது. ஐரின் போனபோது செடிகள் பிடுங்கப்பட்டு வரப்பில் குவிந்து கிடந்தன. பக்கத்துத் தோப்புக்காரர் காட்டில் கூலிக்குப் பூவெடுத்துவிட்டு மூக்காயி திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"மீட்டரைக் கழட்டிட்டேம்மா. இனிமே பயப்படாம மோட்டாரைப் போடலாம்."

மூக்காயி வெறும் நிலத்தைப் பார்த்தாள்.

"எதுக்குத் தாயி போட?" என்றாள். குரலில் கோபமே இல்லை. ஐரினால் அதைத்தான் தாங்க முடியவில்லை.