புஷ்பாக்காவின் பக்கத்து இருக்கை

றீற்றா வந்தது மகளைப் பார்க்க. அகப்பட்டதோ புஷ்பாக்காவிடம்.

புஷ்பாக்கா தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர். மகன் சஞ்சயன் வுப்பர்டால் நகர அணிக்கு பேஸ்பால் விளையாடுகிறான் என்று ஒவ்வொரு பூசை முடிவிலும் ஆள் ஆளாகப் பிடித்துச் சொல்லி, மட்ச் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிடுவார். இதுவரை ஒருவரும் போனதில்லை. இன்றைக்கு மைதான வாசலிலேயே றீற்றாவைக் கண்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நீலத் தொப்பி போட்ட வுப்பர்டால் சனத்தின் நட்டநடுவே இருத்தினார். வேண்டாம் என்று சொல்ல றீற்றாவுக்கு வாய் வரவில்லை. சொன்னால் உண்மையையும் சொல்லவேண்டுமே.

உண்மை என்னவென்றால், எதிரணியான டுசல்டோர்ஃபுக்குப் பந்தெறிகிறவள் றீற்றாவின் மகள் வேணுஜா. இருபத்துமூன்று வயதுப் பெண், ஆண்பிள்ளைகள் நிறைந்த அணியில் ஒருத்தியாக நின்று எறிகிறாள். சனம் என்ன கதைக்குமோ என்று பயந்து, சனிக்கிழமைகளில் மகளுக்கு வேலை என்று மூன்று வருடமாகச் சொல்லித்திரிந்தாள் றீற்றா. போன கிழமைதான் வேணுஜாவுக்கு இது தெரிந்தது. அவள் கத்தவுமில்லை, அழவுமில்லை.

"சனிக்கிழமை ஒரு மட்ச் இருக்கு, அம்மா. வந்து பாருங்கோ. பாத்த பிறகும் வெக்கமா இருந்தா, இனி உங்களைக் கூப்பிடமாட்டன்."

கத்தியிருந்தாலாவது தாங்கியிருக்கலாம் என்று றீற்றாவுக்கு இருந்தது.

இது சீசன் தொடங்கமுதல் ஆடும் வெறும் பயிற்சிப் போட்டி. வென்றாலும் தோற்றாலும் ஒரு புள்ளியும் இல்லை. ஆனால் ஏப்ரல் குளிரில் மூக்குச் சிவக்க நின்று அந்தச் சனம் போட்ட கூச்சலைக் கேட்டால், உலகக் கிண்ணமே பறிபோகிறது என்று நினைப்பீர்கள். புஷ்பாக்கா ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்து மீன் பற்றீஸ் நீட்டினார். முன்வரிசைத் தாடிக்காரருக்கும் கொடுத்தார். அவர் இரண்டு எடுத்தார்.

வேணுஜா எறிந்த பந்துக்கு வுப்பர்டால்காரன் ஒருவன் மூன்று தரம் மட்டையை வீசி மூன்று தரமும் காற்றைத்தான் அடித்தான். றீற்றா தன்னை மறந்து கைதட்டிவிட்டாள். நீலத் தொப்பிகள் எல்லாம் திரும்பின. அவுட்டானது எங்கள் ஆள் என்று புஷ்பாக்கா முழங்கையால் இடித்து விளக்கினார். கிரிக்கெட் பார்த்துப் பழகிய பழக்கம் என்று சொல்லிச் சமாளித்தாள். பொய் சொல்வதில் அவளுக்கு இப்போது நல்ல பயிற்சி.

மகள் எப்படி இருக்கிறாள் என்று புஷ்பாக்கா விசாரித்தார். வேலைக்குப் போய்விட்டாள் என்று பற்றீஸை மென்றுகொண்டே றீற்றா சொன்னாள். அந்த வேளையில்தான் கீழே வேணுஜா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு டுசல்டோர்ஃப் பக்கத்து இருக்கைகளை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். தேடினாள். பிறகு தொப்பியை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிவிட்டாள். எழும்பி அந்தப் பக்கம் போவோமா என்று றீற்றா நினைத்தாள். மடியில் இரண்டாவது பற்றீஸ் வந்து விழுந்தது. இருந்துவிட்டாள்.

அடுத்து மட்டையோடு வந்தவன் சஞ்சயன். புஷ்பாக்கா கதிரையில் ஏறி நின்றார். வேணுஜாவின் கையிலிருந்து பந்து வழுக்கியது. அது நேரே போய் அவன் தொடையில் 'டப்' என்று விழ, அவன் நொண்டிக்கொண்டு ஒரு வட்டம் சுற்றினான்.

"ஆர் பெத்த பிள்ளை இது? பந்தெறியச் சொன்னால் ஆளைக் கொல்லப் பாக்குது!" என்று கத்தினார் புஷ்பாக்கா.

மூன்று வருடமாக றீற்றா பயந்தது இப்படி ஒரு கேள்விக்குத்தான். அது வந்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அது புஷ்பாக்கா மேல் வந்த கோபமுமில்லை.

எழும்பினாள்.

"நான்தான் பெத்தனான், அக்கா."

புஷ்பாக்கா கதிரையிலிருந்து இறங்கினார். "அப்ப சனிக்கிழமையில வேலை எண்டது?"

"பொய். உங்கட பிள்ளையைப் பற்றி நீங்கள் ஊரெல்லாம் சொன்னீங்கள். நான் என்ர பிள்ளையை ஒளிச்சு வைச்சன்."

சொல்லிவிட்டு, இரண்டு கையையும் தூக்கி, வுப்பர்டால் முழுக்கக் கேட்கும்படி "வேணு!" என்று கூப்பிட்டாள். தாடிக்காரர் காதைப் பொத்தினார். மைதானத்தின் நடுவில் நின்றவள் திரும்பினாள். நீலத் தொப்பிகளுக்குள்ளே தனியாக எழும்பி நின்ற தாயைக் கண்டு, தான் அடித்துவிட்ட பையன் இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறான் என்பதையும் மறந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.