அக்கா பேசாத மாலை

எங்கள் கணக்குப் பதிவு வகுப்பு சாயங்காலம் இரண்டாவது மாடியில் நடக்கிறது. எங்களோடு படிக்கும் தையல்காரர் சக்கர நாற்காலியில் வருவார். நாங்கள் நான்கு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு படியேறுவோம். போன மாதம் நடுப்படியில் யாருக்கோ கை வழுக்கியது. என் கையாகத்தான் இருக்க வேண்டும். மேலே போனதும் அவர், "லிஃப்ட் போட்டா படிக்கிறேன்ப்பா. இல்லன்னா இந்த மாசத்தோட நின்னுக்கிறேன். உங்க முதுகும் முக்கியம், என் உசுரும் முக்கியம்" என்றார்.

லிஃப்ட்டுக்கு நிதி திரட்ட, தெருமுனை பாரில் ஒரு மாலை ஏற்பாடு செய்தோம். என்ன நிகழ்ச்சி வைப்பது என்பதில்தான் இழுபறி. கூடப் படிக்கும் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்கக்கா ஆறுலருந்து ஒன்பது வரைக்கும் வாயத் திறக்காம இருந்தா, என் ஒரு மாசச் சம்பளம் தர்றேன்."

அக்கா சலூன் வைத்திருக்கிறாள். கத்தரிக்கோல் நின்றாலும் அவள் வாய் நிற்காது. முடி வெட்டிக்கொண்டு திரும்பினால் ஊர்ச் சங்கதி நமக்குத் தெரிந்திருக்கும், நம் சங்கதி ஊருக்குத் தெரிந்திருக்கும். அரை மணி நேரம்கூடத் தாங்க மாட்டாள் என்ற தைரியத்தில் எல்லாரும் தாராளமாகப் பணம் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள்.

"இருந்து காட்டுறேன்டா" என்றாள் அக்கா. அந்த மாலை ஆறு மணி அடிக்கும் முன் அவள் கடைசியாகச் சொன்னதும் அதுதான்.

நடுவராக என்னைப் போட்டார்கள். விதிகளை யோசித்து வைத்திருந்தேன். தலையாட்டலாம், உச்சுக்கொட்டலாம், ஒரு சொல் வந்தால் ஆட்டம் காலி. அக்காவுக்கு விக்கல் வந்தபோதுதான் தடுமாறினேன். விக்கலை நான் யோசித்திருக்கவில்லை. அரை நிமிடம் தவித்துவிட்டு, "செல்லும்" என்றேன். எது செல்லும் என்று எனக்கே தெரியவில்லை.

பாரில் எள் போட்டால் எள் விழாது. அக்கா நடுவில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்கெல்லாம் மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. சம்பளம் போய்விடும் போலிருந்தது. எதையாவது சொல்லி அவளைப் பேசவைக்க வேண்டும். குனிந்து அவள் காதருகே, "எனக்கு ரிவர்ஸ் எடுக்கவே வராது. இருபது வருஷமா தெருவச் சுத்தி வந்துதான் வண்டிய நிறுத்துறேன்" என்றார்.

அக்காவின் கண் விரிந்தது. கன்னம் உப்பியது. அப்படியே விழுங்கிவிட்டாள்.

மாஸ்டர் தோற்றுப்போய்த் திரும்பினார். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. "என்னமோ தெரியல, மனசு லேசாயிடுச்சு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

அடுத்து பல் டாக்டர் வந்தார். தன் பல்லை இன்னொரு டாக்டரிடம் காட்டப் பயந்து, ஆறு மாதமாக ஒரு பக்கமாகவே மெல்லுகிறாராம். எங்கள் வகுப்பு வாத்தியார் வந்தார். அவர் வீட்டுக் கணக்கை மாமியார்தான் பார்க்கிறாராம். வரிசை வாசல் வரை நீண்டது. தையல்காரர் சும்மா இருப்பாரா? உண்டியல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "ஆளுக்கு ஒரு ரகசியம், போட்டுட்டுப் பேசுங்க" என்றார். நான் அக்கா பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் என்னைப் பொருட்படுத்தவில்லை. நான் எங்கே நின்றாலும் அப்படித்தான்.

பார் முதலாளிகூட வந்து, தனக்கு பீர் வாடையே பிடிக்காது என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எட்டரைக்குப் பிறகுதான் பல் டாக்டருக்கு உறைத்தது. "ஆமா, ஒன்பது மணி ஆனா இவங்க பேசுவாங்கல்ல?"

வரிசை அப்படியே கலைந்து என்னைச் சூழ்ந்துகொண்டது. "தம்பி, பத்து மணின்னு மாத்திடு." "பத்து எதுக்கு? மணிக்கணக்கே வேண்டாம், ஒரு வருஷம்னு போடு." விதியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று நான் யோசிப்பதற்குள், முதலாளி நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். எல்லார் கையிலும் போன் இருந்தது. இருந்தும் எல்லாரும் நின்றுபோன அந்தக் கடிகாரத்தையே நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தையல்காரரைப் பார்த்தேன். டப்பாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எல்லாரும் வாக்கைக் காப்பாற்றினாலும் லிஃப்ட் முதல் மாடியோடு நின்றுவிடும். என் போனில் ஒன்பது ஆகிவிட்டது. சொல்லாமல் விட்டால் இன்னும் கொஞ்சம் சேருமோ? ஆனால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரம் வாய்ப்பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவளை ஏமாற்ற மனசு வரவில்லை.

"ஒன்பது" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "ஒன்பது மணி!" என்று கத்தினேன்.

பார் கப்சிப். யாரோ பாட்டையும் நிறுத்திவிட்டார்கள். அத்தனை பேரும் அக்காவின் வாயையே பார்த்தார்கள். அவள் தொண்டையைச் செருமினாள்.

"பாத்ரூம் எந்தப் பக்கம்?"

இருபது கைகள் ஒரே திசையில் நீண்டன. கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் போனாள். ஒருவர்கூட வீட்டுக்குக் கிளம்பவில்லை. தான் கிளம்பிய பிறகு பேச்சு தன்னைப் பற்றியதாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே அக்கா திரும்பி வந்தாள். "என்னடா, போதுமா?"

"இல்லக்கா. ஒரு மாடி குறையுது."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள். கூட்டத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாள்.

"சரி, யார்லருந்து ஆரம்பிக்கலாம்?"

மாஸ்டரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. தையல்காரர் டப்பாவின் மூடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கூட்டத்துக்குள் நாற்காலியை உருட்டினார்.